வேர் குடிக்காத ஈரம்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்திருக்கும் பெண் நல்ல கெட்டிக்காரி. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது போன் போட்டு என் மதியத் தூக்கத்தைக் கெடுக்காவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது. போன வாரமும் அப்படித்தான். "மேடம், மண்ணு நல்லாருக்கு, தண்ணி நல்லாருக்கு, அடியில ஈரம் சதசதன்னு இருக்கு. தென்னங்கன்னு மட்டும் வாடுது. தோட்டக்காரர் என்னைப் போட்டுத் திட்டுதாரு" என்றாள். இப்போது இவர்கள் கையில் பேனா அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது. ஈர மண்ணில் குத்தினால் உப்பின் அளவு நேராக செல்போனில் வந்து விழுந்துவிடும். எங்கே குத்தினாய் என்று கேட்டேன். "வரிசைக்கு நடுவுல மேடம், வழக்கமா எடுக்கிற எடத்துல" என்றாள்.

எனக்குத் தூக்கம் போயே போய்விட்டது. "கன்னு நடுவுலயா நிக்கி? வேரு எங்க இருக்கோ அங்க குத்துடி" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டாள். நான் சொன்னது சரியாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கும் ஆகும் என்று பிடிவாதம் பிடித்தாள். நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அதைக் காட்டியவர்கள் என் மேலதிகாரி ரங்கராஜு சாரும், வத்திராயிருப்புப் பக்கத்துப் பேச்சியம்மாளும். ஆகவே இது அவர்களைப் பற்றிய எழுத்தாகத்தான் இருக்கும்.

நான் தாவரவியல் படித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பயிற்சி என்று சொன்னால் மண்ணை நிழலில் உலர்த்தினோம், மரச் சுத்தியலால் பொடித்தோம், சலித்தோம், தண்ணீர் ஊற்றிக் குலுக்கினோம், மீட்டரை முக்கினோம், எழுதினோம். அதையே மறுநாளும் செய்தோம். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டிலைக் குலுக்குவதற்கா கல்லூரிக்குப் போனோம் என்று எனக்கு எரிச்சலாக வரும். அதை முகத்தில் காட்டாமல் இருக்கவும் எனக்குத் தெரியாது.

ரங்கராஜு சார் ராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். குட்டையான ஆள், நடை மட்டும் வேகம். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வெங்காயத் துண்டை எடுத்தார். அதில் ஊதா நிறமாக இருந்த மேல்தோலை மெல்லிசாக உரித்து, எங்களிடம் இருந்த பழைய நுண்ணோக்கியின் கீழே வைத்தார். பார்த்தேன். ஊதா அறைகள் செங்கல் அடுக்கினது மாதிரி வரிசையாக, நிறைந்து நின்றன. பிறகு ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு அறையிலும் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி நடுவில் சுருண்டுகொண்டது.

"செத்துருச்சு சார்" என்றேன்.

"அவசரப்படாத" என்றவர், உப்புத் தண்ணீரைத் தாளால் ஒற்றி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் சுருண்டது விரிய ஆரம்பித்தது. முழுவதும் விரிந்து சுவரைத் தொட்டதும், "பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். "சுருங்கினதெல்லாம் செத்தது இல்லம்மா. பாத்துத்தான் சொல்லணும்."

கல்லூரியில் நான் இதைப் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிச் சுலபமாகப் போய்வரும். உப்பு அப்படிப் போக முடியாது. அதற்குத் தனி வாசல், தனிக் காவல். எந்தப் பக்கம் உப்பு அதிகமோ அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். வேரின் செல்லுக்குள்ளே உப்புச் சத்து மண்ணில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால்தான் மண்ணில் இருக்கும் தண்ணீர் வேருக்குள் ஏறுகிறது. வெளியே உப்பு கூடிவிட்டால் வேர் தண்ணீருக்குள் நின்றுகொண்டே காய வேண்டியதுதான். உரச் சத்துகளை உள்ளே இழுக்கும் வாசல்களுக்கோ செடி தன் பலத்தைச் செலவழிக்க வேண்டும். அந்தப் பலம் வர வேருக்குக் காற்று வேண்டும். சேற்றிலேயே மூழ்கிக் கிடந்தால் அந்த வாசல்களும் வேலை செய்யாது. மொத்தத்தில் சேதி இவ்வளவுதான். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இதைத்தான் வேறு வேறு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் அம்மா ஒருவர் மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாக மல்லிகை வைத்திருந்தார். மாங்காய் ஊறிய உப்புத் தண்ணீரை வீணாக்குவானேன் என்று அத்தனையையும் செடிக்கு ஊற்றியிருக்கிறார். இலை எல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. "ஏம்மா, பூச்செடியவே ஊறுகா போட்டுட்டீகளே" என்று சார் கேட்டதும், அழுதுகொண்டிருந்த அந்த அம்மா சிரித்துவிட்டார். வைத்தியமும் சாதாரணம்தான். தொட்டியின் அடியில் இருக்கும் ஓட்டையை அடைப்பெடுத்து, அது வழியாக ஓடிப் போகும்படி நல்ல தண்ணீரை மறுபடி மறுபடி ஊற்றச் சொன்னார். மல்லிகை தப்பித்தது. எனக்கு முழம் பூ கிடைத்தது. ஓட்டை இல்லாத தொட்டியை என்ன செய்வது என்று அன்று நான் யோசிக்கவில்லை.

பேச்சியம்மாள் வந்தது ஒரு புரட்டாசி மாதம். வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் கூடத்துக்கு வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரச் சாக்கு ஒன்று. பிள்ளையைப் படுக்கப் போட்டிருக்கிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன். பிரித்தால் வேரோடும் மண்ணோடும் ஒரு தென்னங்கன்று. கீழ் ஓலைகள் நுனி கருகி, குருத்து மட்டும் பச்சையாக இருந்தது.

"வீட்டுக்காரரு வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"அவியளுக்குத் தெரியாது. விடியமுன்ன பிடுங்கிட்டு வந்துட்டேன். கேட்டாகன்னா காட்டுப் பன்னி கெண்டிப் பிடுங்கிருச்சுன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார். மலையடிவாரத்தில் பன்றித் தொல்லை நிஜமாகவே உண்டு. பன்றிக்கு அன்று செய்யாத குற்றம் ஒன்று சேர்ந்துகொண்டது.

அவருடைய கணவர் வேலுச்சாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நெல் வயலாக இருந்த நிலத்தை வந்த கையோடு தென்னந்தோப்பாக மாற்றியிருக்கிறார். பேச்சியம்மாளுக்கு நெல்லை விட மனசில்லை. ஆனால் அவர் இல்லாத காலமெல்லாம் தனியாக நெல் போட்டுத் தவித்தவர் என்பதால், மனிதன் வீட்டோடு இருந்தால் தென்னை என்ன, பனை என்ன என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். வைத்துச் சரியாக ஒரு வருடம். இப்போது கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகுகின்றன.

சார் கன்றைக் கையில் வாங்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சார், கன்னுக்காக மட்டும் நான் வரல. கல்யாணம் கட்டின நாள்லருந்து அவிய பட்டாளந்தான். லீவுக்கு வருவாக, பெட்டியத் தொறப்பாக, செத்த நாள் இருப்பாக, பெட்டிய மூடுவாக, போயிருவாக. எம் மக அப்பான்னு கூப்பிடக் கூச்சப்பட்டா. இப்பத்தான் ஒரு வருசமா வீட்டுல உக்காந்து சோறு திங்காக. கூட இருந்தவரு ஒருத்தரு கோயம்புத்தூர்ல செக்யூரிட்டி வேல இருக்கு, தீபாவளி கழிஞ்சதும் வந்துருன்னு கூப்பிடுதாரு. இந்தக் கன்னு பட்டுப்போச்சுன்னா அவிய போயிருவாக. பெட்டியத் தொடைச்சு வச்சிட்டாக சார்."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் காபி வாங்கி வருகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது சார் கன்றின் அடி மண்ணில் ஒரு கட்டியை உடைத்து ஜன்னல் திட்டில் வெயிலில் வைத்திருந்தார். பேச்சியம்மாள் பஸ் ஏறிய பிறகு, மதியம் அந்தக் கட்டி காய்ந்தபோது அதன் மேல் மாவு தூவினது மாதிரி வெள்ளை பூத்திருந்தது. நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சந்தேகமில்லை, சமையல் உப்புதான்.

அப்போதுதான் எனக்கு வேலுச்சாமியின் மண் ஞாபகம் வந்தது. ஆடியில் அவர் தாமே கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த மாதிரி மண்ணை யாரும் கொண்டுவந்ததில்லை. துணிப்பை துவைத்திருந்தது, சீட்டு கட்டம் போட்டு எழுதியிருந்தது. எங்கள் துண்டுப் பிரசுரத்தில் மரத்தடியில் எடுக்காதீர்கள், உரம் வைத்த இடத்தில் எடுக்காதீர்கள், வரப்போரம் எடுக்காதீர்கள் என்று போட்டிருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அதில் பொட்டலம் மடிப்பார்கள். இவர் வரிக்கு வரி படித்து, எங்கெல்லாம் எடுக்கக் கூடாதோ அங்கெல்லாம் எடுக்காமல், வரிசைக்கு நடுவில் சுத்தமாக எடுத்து வந்திருக்கிறார். அந்த மண்ணில் குறையே இல்லை. குறை இல்லை என்று நாங்கள் சொன்னதும், அப்படியானால் கன்றுக்குத் தண்ணீரும் உரமும்தான் போதவில்லை என்று முடிவு கட்டி இரண்டையும் கூட்டியிருக்கிறார். உத்தரவை இவ்வளவு சரியாகக் கடைப்பிடிக்கிற மனிதனுக்கு இப்படி ஒரு கஷ்டம் வரலாமா என்று எனக்கு யார் மீது என்று தெரியாமல் கோபம் வந்தது.

மறுநாளே மீட்டரையும் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு போனோம். தோப்பு மலையைப் பார்த்த சரிவில் இருந்தது. கன்றுகள் அணிவகுப்பு மாதிரி நேர்கோட்டில் நின்றன. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கோடு பிசகவில்லை. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் தேங்கி நின்றது. தண்ணீருக்கு மேலே ஓலைகள் துவண்டிருந்தன. வேலுச்சாமி சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு நின்றார். நாங்கள் வந்ததில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. சோதனைக்கு வந்த அதிகாரிகளைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன செய்தீர்கள் என்று அவர் யாரையும் கேட்க மாட்டார். கேட்டால் ஆள் பயந்து பாதியை மறைத்துவிடுவான் என்பார். முதலில் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொப்பளித்துப் பார்த்தார். "பாகுந்தி" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பிறகு வரப்பில் உட்கார்ந்து மோர் கேட்டார். மோரைக் குடித்துவிட்டுத்தான் வேலுச்சாமியிடம் பேச்சைத் தொடங்கினார்.

"பன்னி பிடுங்கின எடம் ஒண்ணு காலியா கெடக்காமே. அதுல புதுக் கன்னு வைக்கணும்னா எப்பிடி வைப்பீக? முதல்லருந்து சொல்லுங்க, நான் கத்துக்கிடுதேன்."

பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வேலுச்சாமி நிமிர்ந்து நின்று ஒப்புவித்தார். குழி எத்தனை அடி, எத்தனை நாள் ஆறப்போட வேண்டும், மணல் எவ்வளவு, தொழுவுரம் எவ்வளவு. "பொறவு ரெண்டு படி கல்லுப்பு சார்."

"ஒரு குழிக்கா?"

"ஒரு குழிக்கு. எங்கப்பா ஒரு படி போடுவாரு. நான் கூட ஒண்ணு போட்டேன், கரையான் வராது. கோடையில வாட்டம் தெரிஞ்சதும் மேல ஒரு படி வச்சேன். ஆடியில இன்னொருக்க வச்சேன். உப்பு ஈரத்தப் பிடிக்கும்ல சார்?"

எங்கள் பக்கம் தென்னங்குழிக்கு உப்புப் போடாதவர்கள் குறைவு. அதில் தப்பும் இல்லை, தென்னை கொஞ்சம் உப்பை விரும்புகிற மரம். சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் வரிசை நடுவில் கொஞ்சம், குழிக்குள் வேரோரம் கொஞ்சம் மண் எடுத்து, இரண்டு பாட்டிலிலும் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். தெளிய விட்டேன். வேலுச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் தலைக்கு மேலே நின்று பார்த்தார். முதல் பாட்டிலில் மீட்டரின் எண் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இரண்டாவதில் முக்கியதும் விறுவிறுவென்று ஏறியது. ஏறி முடிவதற்குள் அவரே குனிந்துவிட்டார்.

சார் சொன்னார்: "நீங்க சொன்னது நெசந்தான். உப்பு ஈரத்தப் பிடிக்கும். ஆனா பிடிச்சத விடாது. இந்தக் குழியில எம்புட்டுத் தண்ணி நின்னாலும் வேரால உறிஞ்ச முடியல. கன்னு தண்ணிக்குள்ள நின்னு தாகத்துல தவிக்கி."

"எங்கப்பா வச்ச மரத்துக்கெல்லாம் உப்புப் போட்டுத்தான சார்…"

"அவரு வச்சது செவக்காடு, செம்மண்ணு. ரெண்டு மழையில உப்பு கீழ எறங்கிரும். இது வருசக்கணக்கா நெல்லு நட்ட களிமண்ணு. சேறடிச்சு சேறடிச்சு அடியில தளம் போட்டாப்புல இறுகிக் கெடக்கு. தண்ணி எறங்காது, உப்பும் எறங்காது. போதாததுக்கு நீங்க மேல மேல தண்ணி விட்டு வேருக்குக் காத்தும் இல்லாம ஆக்கிட்டீக."

வேலுச்சாமி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற மனிதன் உட்கார்ந்ததும் சின்னதாகிவிட்டார். "அப்போ நான் வச்சதுதான் கொன்னுருக்கு" என்றார். பிறகு மனைவியைப் பார்க்காமல், "சரிட்டி, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு நீ நெல்லே போட்டுக்கோ. நான் கெளம்புதேன்" என்றார்.

பேச்சியம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சார் என் பையிலிருந்து பாட்டிலில் எழுதும் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கன்றிடம் போனார். விரியாத குருத்து, மூத்த ஓலையின் காம்பை உரசிக்கொண்டு மேலே போகும் அல்லவா, அந்த இடத்தில் இரண்டின் மேலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். அடுத்த கன்றுக்குப் போனார். அதிலும் இழுத்தார்.

"குருத்து பச்சையா இருக்கு. சுருங்கினதெல்லாம் செத்தது இல்ல" என்றார் திரும்பிப் பார்க்காமல். "குருத்துல உள்ள கோடு காம்புல உள்ள கோட்ட விட்டு மேல ஏறுச்சுன்னா கன்னு குடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். ஏறலன்னா பிடுங்குங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

எல்லாக் கன்றிலும் கோடு போட்டு முடித்த பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். தளவாய்புரத்து மல்லிகைதான் எனக்கு ஞாபகம் வந்தது. இந்த வயல் ஓட்டை இல்லாத தொட்டி. ஓட்டை போட வேண்டும். ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் கடப்பாரையால் அடித்தளம் உடையும்வரை குத்தி, அந்தத் துளையில் ஆற்று மணல் நிரப்ப வேண்டும். வரிசைகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டிச் சரிவில் ஓடையோடு சேர்க்க வேண்டும். ஜிப்சம் தூவ வேண்டும், இல்லாவிட்டால் உப்பு போனபிறகு களிமண் இன்னும் இறுகிவிடும். பிறகு கிணற்று நல்ல தண்ணீரை நிறையக் கட்டி, நிறுத்தி, திறந்து விட வேண்டும். காய விட்டு மறுபடி கட்ட வேண்டும். ஐப்பசி மழை வந்தால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

வேலுச்சாமி முதல் வரிசையை மட்டும் முடித்தார். செய்தது சுத்தமாக இருந்தது, மனசுதான் அதில் இல்லை. பிறகு வேலையைப் பார்த்து வருகிறேன், சீருடை அளவு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கோயம்புத்தூர் போய்விட்டார். மிச்ச வரிசைகளுக்குக் கடப்பாரை பிடித்தது பேச்சியம்மாள்.

தண்ணீர் திறந்து விட்ட பிறகெல்லாம் வாய்க்கால் கடைசியில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். கூல்டிரிங்ஸ் பாட்டில்தான். கண்டக்டர் ஒருநாள், "என்னக்கா, சர்பத்தா?" என்று கேட்டாராம். "குடிச்சுப் பாருடே" என்று நீட்டினாராம். நான் மீட்டரை முக்கும்போது மூச்சு விடாமல் நிற்பார். முதல் பாட்டிலில் எண் எக்கச்சக்கமாக வந்தது. "இவ்வளவா?" என்றேன். சார்தான், "உப்பு வெளிய வருதுல்ல? உள்ள இருந்தாத்தான் கவலைப்படணும்" என்றார். இரண்டாவது அதைவிடக் குறைவு. மூன்றாவது இன்னும் குறைவு. ஆனால் பேச்சியம்மாள் ஒவ்வொரு தடவையும் கடைசியாக ஒன்றுதான் சொல்லுவார்: "கோடு அங்கனக்குள்ளயே நிக்கி தாயி." எனக்கு அந்தக் கோட்டின் மேல் அவ்வளவு வெறுப்பு வந்தது.

தீபாவளி வந்தது, போனது. நல்ல மழை. வேலுச்சாமி ஊருக்கு வந்துவிட்டு மறுநாள் பெட்டியோடு கிளம்புகிறார் என்று பேச்சியம்மாள் போனில் சொன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது. சாருக்குக் காய்ச்சல். நான் மட்டும் முதல் பஸ்ஸில் போனேன். போய் என்ன செய்யப் போகிறோம் என்று எனக்கே தெரியாது.

தோப்பில் பேச்சியம்மாள் மட்டும் நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு கன்றுக்கு முன்னால் நிறுத்தினார். காம்பில் கோடு இருந்த இடத்தில் இருந்தது. குருத்துக் கோடு அதைவிட ஒரு விரல் மேலே இருந்தது. அடுத்த கன்றில் ஒன்றும் இல்லை. அதற்கடுத்ததில் இரண்டு விரல். நான் வரிசை வரிசையாக ஓடினேன். அந்த வயதில் ஓடத் தெரிந்தது. சில கன்றுகள் ஏறவில்லை, நிஜம். ஆனால் முக்கால்வாசி ஏறியிருந்தன. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

"அவியட்ட சொன்னீகளாக்கா?"

"சொன்னேன். மழைக்கு அப்பிடித்தான் தெரியும்னுட்டாக. பாக்க மாட்டேங்காக. பாத்துட்டுப் போக முடியாதுல்ல" என்றார். பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்து, "இப்பிடித்தான் ஆகும்னு எனக்குத் தெரியும். அதான் நானும் முன்னாலயே ஒண்ணு பண்ணி வச்சிட்டேன்" என்றார்.

என்ன என்று கேட்பதற்குள் வீட்டுப் பக்கமிருந்து வேலுச்சாமியின் குரல் வந்தது. "ஏட்டி, பெட்டிக்கு மூடி எங்க?"

வந்துவிட்டார். பேச்சியம்மாள் வாய்க்கால் கடைசியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்தில், தண்ணீரைக் கட்டவும் திறக்கவும் ஒரு மடை வேண்டுமே, அதற்குப் பேச்சியம்மாளுக்குப் பலகை ஒன்று வேண்டியிருந்திருக்கிறது. பலகையும் வீட்டில் இருந்தது, அதை நான் பிறகு பார்த்தேன். ஆனால் அவர் அதை எடுக்கவில்லை. கணவர் ஊரில் இல்லாத நாளில் உளியால் கீலைத் தட்டிக் கழற்றி, பட்டாளத்துத் தகரப் பெட்டியின் மூடியை மடையில் நட்டுவிட்டார். பச்சைத் தகரத்தில் வெள்ளைப் பெயிண்டில் வேலுச்சாமியின் பெயரும் நம்பரும் தலைகீழாக நின்றன. அதன் கீழே கலங்கல் தண்ணீர் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

வேலுச்சாமி பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

பேச்சியம்மாள்தான் பேசினார். "கன்னு பொழைச்சிருந்தா உங்களுக்குப் பெட்டி எதுக்கு? பொழைக்கலன்னா மூடியில்லாமக் கொண்டு போங்க. போற எடத்துலயாவது அது தொறந்தே கெடக்கட்டும்."

அவர் வாய்க்காலை நோக்கி நடந்தார். வழியில் கன்றுகள் நிற்கும் வரிசை. முதல் கன்றைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாவதில் நின்றார். குனிந்து அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார். விரலை வைத்து அளந்தார். அடுத்ததையும் அளந்தார். அதற்குப் பிறகு எங்களைப் பார்க்காமலே போய், காலில் செருப்போடு வாய்க்காலுக்குள் இறங்கி மூடியின் மேல் கை வைத்தார்.

பிடுங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பேச்சியம்மாளும் அப்படித்தான் நினைத்திருப்பார், என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

"கோணலா நட்டுருக்கியேட்டி" என்றார் வேலுச்சாமி. "ஓரத்துல தண்ணி கசியுது பாரு."

மூடியை உருவி, பெயர் நேராக வரும்படி திருப்பி, தரையில் குத்தி நிறுத்தினார். இரண்டு பக்கமும் மண்ணை அள்ளி வைத்துக் காலால் மிதித்தார். தள்ளி நின்று, ஒற்றைக் கண்ணை மூடி, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடியும் மிதித்தார். அன்றைக்கு அவர் பஸ் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை.

சார் காய்ச்சல் தேறி வந்ததும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பன்னி மேல கேஸ் போடலாம்னு இருந்தேன், விட்டுருவோம்" என்றார். பிறகு மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். குலுக்க வேண்டிய மண் காத்திருந்தது. எனக்கு அன்று எரிச்சல் வரவில்லை. அதற்குப் பிறகும் பெரிதாக வந்ததில்லை.

போன பொங்கலுக்கு அந்தத் தோப்புக்குப் போயிருந்தேன். மரங்களை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. செத்துப் போன இடங்களில் மறுகன்று வைத்து, அவையும் காய்க்கின்றன. புதுக்கன்று வைக்கும்போது குழிக்கு ஒரு கை உப்பு போடுகிறார் வேலுச்சாமி, கேட்டால் அப்பா ஞாபகத்துக்கு என்கிறார். மகள் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள், அப்பா அப்பா என்று வீடு முழுக்க அவள் சத்தம்தான். மடையில் அதே பெட்டி மூடிதான் நிற்கிறது. வருடக்கணக்கான தண்ணீரில் பெயிண்ட் உரிந்து, துருப்பிடித்து, பெயர் சுத்தமாக அழிந்துவிட்டது. ஆள் இருக்கிறார்.